விழுந்து எழுந்த கன்டெய்னரின் லாக்கை டெர்மினலிலிருந்தே பார்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. குடியாத்தத்துத் தம்பி ஒருவர் காட்பாடியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் யூனிட்டுகள் தங்கள் சரக்குக் கணக்கை ஏற்றும் சர்வீஸ் ஒன்று குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில், அதாவது நிரல்களைப் பல மெஷின்களில் பரப்பி ஓட்டும் அமைப்பில், ஓடுகிறது. பைத்தானில் எழுதியது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது அது விழுகிறது, தானாகவே எழுகிறது. "அண்ணா, லாக் பார்த்தால் சர்வர் தொடங்கியது என்ற வரிகள்தான் இருக்கின்றன. ஏன் விழுந்தது என்று ஒரு வரிகூட இல்லை. டாஷ்போர்டு பார்க்க எனக்கு அனுமதி இல்லை, டெர்மினல் மட்டும்தான்" என்கிறார்.

தம்பி, அவசரத்துக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்ப்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரின் (உங்கள் நிரல் அடைபட்டு ஓடும் பெட்டி) லாக், அதாவது நிரல் ஓடும்போது எழுதிக்கொண்டே போகும் குறிப்பு. விழுந்தது அதற்கு முந்தையது. அதைப் பார்க்க, வழக்கமான கியூப்சிடிஎல் (குபெர்னெட்டிஸோடு டெர்மினலில் பேசும் கருவி) லாக்ஸ் கட்டளையில் பாட் (கன்டெய்னரைத் தாங்கி ஓடும் அலகு) பெயரைக் கொடுத்து, கடைசியில் இரண்டு கோடு போட்டு ப்ரீவியஸ் என்று சேருங்கள். ஒற்றைக் கோடு போட்டு பி என்றாலும் அதுவேதான். (கட்டளைகளை இங்கே ஒலிப்பாகத்தான் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்கிற அறிகுறியைப் பார்த்தால், ப்ரீவியஸ் போட்டும் காரணம் அகப்படாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று புரிய, அந்தக் கட்டளை எதை எடுத்துப் படிக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கிளஸ்டருக்குள் எங்கோ எல்லா லாக்கும் சேர்ந்து கிடக்கும் ஒரு கிடங்கு இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது, நீங்களாக ஒன்றை நிறுவினால் ஒழிய. உங்கள் நிரல் ஸ்டாண்டர்ட் அவுட்புட், ஸ்டாண்டர்ட் எரர் என்ற இரண்டு வழியாக வெளியே தள்ளுவதை, கன்டெய்னர்டி போன்ற ரன்டைம் (கன்டெய்னரை ஓட்டும் மென்பொருள்) பிடித்து, அந்த பாட் எந்த நோடில் (கிளஸ்டரின் ஒரு மெஷின்) ஓடுகிறதோ அந்த நோடின் டிஸ்கில் சாதாரணக் கோப்பாக எழுதி வைக்கிறது. அது இருக்கும் இடம்: வார் என்ற அடைவு, அதற்குள் லாக், அதற்குள் பாட்ஸ். அங்கே நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பாட்களைப் பிரித்து வைக்கும் பகுதி), பாட் பெயர், யுஐடி (பாட்-இன் தனி அடையாள எண்) மூன்றையும் கோத்த பெயரில் ஒரு அடைவு இருக்கும். அதற்குள் கன்டெய்னர் பெயரில் இன்னொன்று, அதற்குள் 0.லாக், 1.லாக் என்று கோப்புகள். அந்த எண் எத்தனையாவது ரீஸ்டார்ட் என்பதைக் காட்டுகிறது. நீங்கள் கட்டளை கொடுத்ததும் அது கிளஸ்டரின் வாசலான ஏபிஐ சர்வருக்குப் போகிறது, அந்த சர்வர் அந்த நோடில் இருக்கும் கியூப்லெட்டை (ஒவ்வொரு நோடிலும் பாட்களைக் கவனித்துக்கொள்ளும் நிரல்) 10250 போர்ட்டில் கூப்பிடுகிறது, கியூப்லெட் கோப்பைத் திறந்து படித்து அனுப்புகிறது. ஒரு நோடு, ஒரு கோப்பு, அதை எட்ட இருந்து படிக்க ஒரு வழி. நடப்பது இவ்வளவுதான்.

இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ப்ரீவியஸ் என்பது ஒரே ஒரு தலைமுறை பின்னால் போவது. நாலு தடவை விழுந்திருந்தால் நாலாவதுதான் கிடைக்கும், முதலாவது போயே போய்விட்டது. அதைவிட முக்கியம்: ப்ரீவியஸ் வேலை செய்ய அந்த பாட் அதே பாட்-ஆக இருக்க வேண்டும். அதற்குள் கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆனால் பரவாயில்லை. பாட்-ஐயே அழித்துவிட்டால் அதன் லாக் கோப்பும் சேர்ந்து அழிகிறது. சாயங்காலம் போன் வந்ததும் பதற்றத்தில் ரோல்அவுட் ரீஸ்டார்ட் (பழைய பாட்களை அழித்துப் புதியவற்றை எழுப்பும் கட்டளை) போடுவார்கள் பாருங்கள், அதுதான் இந்தத் தொழிலில் நான் பார்க்கும் பெரிய அநியாயம். சர்வீஸ் எழுந்துவிடும், ஆதாரம் போய்விடும், மறுநாளும் அதே நேரத்துக்கு அதே போன் வரும். முதலில் லாக்ஸ் ப்ரீவியஸ் வெளியீட்டை ஒரு கோப்பில் கொட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை. அப்புறம் எதை வேண்டுமானாலும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்தது சுழற்சி. கியூப்லெட்டின் இயல்பு அமைப்பில் ஒரு லாக் கோப்பு 10 எம்பி அளவை எட்டியதும் அதை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும். ஒரு கன்டெய்னருக்கு மொத்தம் 5 கோப்புகள் வரை வைத்திருக்கும். ஆனால் கியூப்சிடிஎல் லாக்ஸ் கடைசிக் கோப்பை மட்டும்தான் தரும். ஆக, நோடின் டிஸ்கில் 50 எம்பி கிடந்தாலும் உங்கள் திரைக்கு வருவது அதிகபட்சம் 10. யாராவது டீபக் நிலையில் (சின்னச் சின்ன விவரத்தையும் எழுதும் நிலை) லாக்கை ஓடவிட்டு மறந்திருந்தால், நெரிசல் நேரத்தில் அந்த 10 எம்பி சீக்கிரமே நிரம்பிவிடும். "ஐந்து மணிக்கு நடந்தது தெரியவில்லை, ஐந்தே முக்காலிலிருந்துதான் வருகிறது" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் விஷயம். பழைய கோப்பு வேண்டுமென்றால் நோடுக்குள் போக வேண்டும். எஸ்எஸ்ஹெச் (மெஷினுக்குள் எட்ட இருந்து நுழையும் வழி) இல்லாவிட்டால் கியூப்சிடிஎல் டீபக் கட்டளைக்கு நோடு பெயரைக் கொடுத்தால் ஒரு தற்காலிக பாட் எழும், அதற்குள் ஹோஸ்ட் என்ற அடைவின் கீழ் நோடின் மொத்தக் கோப்பு முறையும் தெரியும். இதற்கு அனுமதி வேண்டும், உங்களுக்கு இப்போதைக்கு இருக்காது என்று நினைக்கிறேன். சீனியரிடம் கேட்கும்போது இந்த வழியைச் சொல்லிக் கேளுங்கள், அவருக்கும் வேலை குறையும். நோடுக்குள் போனவர் பழைய பழக்கத்தில் டாக்கர் லாக்ஸ் என்று தட்டினால் பெரும்பாலான கிளஸ்டர்களில் ஒன்றும் வராது. 2022-ல் வந்த குபெர்னெட்டிஸ் 1.24 பதிப்பிலேயே டாக்கரோடு இணைக்கும் டாக்கர்ஷிம்மை எடுத்துவிட்டார்கள். அங்கே கிரிசிடிஎல் என்ற கருவிதான்.

சரி, இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருவோம். ப்ரீவியஸ் போட்டீர்கள், லாக் வந்தது, ஆனால் கடைசி வரி சாதாரண வரியாக இருக்கிறது, திடீரென்று நிற்கிறது, பிழைச் செய்தியே இல்லை. இப்படி நிற்பதே ஒரு தடயம்தான். நிரல் தானாகச் செத்திருந்தால் பெரும்பாலும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் செத்திருக்கும். சொல்லாமல் செத்தால் அநேகமாக வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். யார் கொன்றது என்பது லாக்கில் இருக்காது. அதற்கு கியூப்சிடிஎல் டிஸ்க்ரைப் பாட் போட்டு, லாஸ்ட் ஸ்டேட் என்ற பகுதியைப் பாருங்கள்.

அங்கே ஓஓஎம்கில்டு என்றும் எக்ஸிட் கோட் 137 என்றும் இருந்தால் நினைவக வரம்பைத் தாண்டியதால் லினக்ஸ் கெர்னல் கொன்றிருக்கிறது. 137 என்பது 128-ஓடு 9-ஐக் கூட்டியது, 9 என்பது சிக்கில் என்ற சிக்னலின் எண். அந்த சிக்னலைப் பிடிக்கவோ தள்ளிப்போடவோ எந்த நிரலாலும் முடியாது. அதனால்தான் கடைசி வாக்குமூலம் இல்லை.

ஓஓஎம்கில்டு என்று இல்லாமல் வெறும் 137 அல்லது 143 இருந்தால் அதே டிஸ்க்ரைப் வெளியீட்டின் அடியில் ஈவென்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். லைவ்னெஸ் ப்ரோப் (கன்டெய்னர் உயிரோடு இருக்கிறதா என்று கியூப்லெட் அடிக்கடி கேட்டுப் பார்க்கும் சோதனை) தோற்றது என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் கேஸில் என் சந்தேகம் இதன்மேல்தான் அதிகம். ப்ரோப்பில் நேரத்தைக் குறிப்பிடாமல் விட்டால், பதிலுக்குக் காத்திருப்பது 1 விநாடி மட்டும். 10 விநாடிக்கு ஒரு தடவை கேட்கும், தொடர்ந்து 3 தடவை பதில் வரவில்லை என்றால் கன்டெய்னரைக் கொன்று திரும்ப எழுப்பும். மதியம் ஆளில்லாத நேரத்தில் சர்வீஸ் ஒரு நொடிக்குள் பதில் சொல்லிவிடும். சாயங்காலம் எல்லா யூனிட்டும் ஒன்றாகக் கணக்கை ஏற்றும்போது மூச்சுத் திணறும், பதில் சொல்ல இரண்டு நொடி ஆகும், உடனே கியூப்லெட் "செத்துவிட்டான்" என்று முடிவு கட்டிவிடும். உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தவனைக் கொன்றால் மீதிச் சுமை பக்கத்து பாட்-இன் தலையில் விழும், அதுவும் திணறும். வரிசையாக விழுவது இப்படித்தான். ஈவென்ட்ஸ் இயல்பாக 1 மணி நேரம்தான் தங்கும் என்பதால் இதை ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், விழுந்த கையோடு பாருங்கள்.

பைத்தான் என்று சொன்னதால் இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். டெர்மினலில் ஓடும்போது பைத்தான் ஒவ்வொரு வரியாக வெளியே விடும். கன்டெய்னரில் அதன் வெளியீடு ஒரு குழாய்க்குள் போகிறது. அப்போது வரிகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளும். இதற்குப் பெயர் பஃபரிங். சிக்கில் வந்து கொல்லும்போது அப்படிச் சேர்த்து வைத்திருந்தது நினைவகத்தோடு போய்விடும். விழுவதற்குச் சற்றுமுன் பிரின்ட் செய்த வரிகள், அதாவது உங்களுக்கு வேண்டிய அதே வரிகள், கோப்புக்கே வந்து சேர்ந்திருக்காது. டெப்ளாய்மென்ட்டில் (சர்வீஸின் பாட்கள் எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைக்கும் அமைப்பு) பைத்தான் அன்பஃபர்டு என்ற என்விரான்மென்ட் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள். மாறியின் பெயர் இடைவெளி இல்லாமல், எல்லாம் பெரிய எழுத்தில். பைத்தான் கன்டெய்னரை யார் கிளஸ்டரில் ஏற்றினாலும் முதல் நாளே இதைப் போட வேண்டும் என்பது என் கட்சி. வேகம் குறையும் என்று சிலர் வாதாடுவார்கள். கணக்கு ஏற்றும் சர்வீஸுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

லாக் முழுக்கக் காலியாக வந்தால் அது வேறு கதை. நிரல் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு எழுதாமல் கன்டெய்னருக்குள் ஏதோ ஒரு கோப்புக்கு எழுதிக்கொண்டிருக்கும். பழைய சர்வரிலிருந்து அப்படியே தூக்கிவந்த நிரல்களில் இது சகஜம். நிரலைத் தொட முடியாவிட்டால், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் இமேஜில் (கன்டெய்னரை எழுப்ப உதவும் மூலப் பொதி) செய்திருப்பதுபோல அந்த லாக் கோப்பின் இடத்தில் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டைக் காட்டும் சிம்பாலிக் லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் கோப்பு) ஒன்றை வைத்துவிடலாம். இமேஜே இறங்காமல் இமேஜ்புல்பேக்ஆஃப் நிலையில் நிற்கும் பாட்-க்கு லாக் கேட்பது வீண், அங்கே இன்னும் எதுவும் ஓடவே இல்லை. டிஸ்க்ரைப்தான் பேசும். இனிட் கன்டெய்னரில் (முக்கிய கன்டெய்னருக்கு முன் ஓடி முடிய வேண்டியது) மாட்டிக்கொண்டிருந்தால் அதன் பெயரை சி கொடியோடு (கட்டளையோடு கோடு போட்டுச் சேர்க்கும் குறியைத்தான் கொடி என்கிறேன்) தனியாகக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

பாட் கிடைக்கவே இல்லை என்று வந்தால் நேம்ஸ்பேஸைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களை மாவட்ட வாரியாக நேம்ஸ்பேஸ் போட்டுப் பிரித்திருந்தார்கள். 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன அல்லவா, அதையும் நியாயமாகப் பின்பற்றியிருந்தார்கள். ஆனால் போன் எடுக்கும் பையன்களுக்கு ஆம்பூர் என்றால் இன்னமும் வேலூர்தான். ஆம்பூர் யூனிட்டின் பாட்-ஐ வேலூர் நேம்ஸ்பேஸில் தேடி, இல்லை என்று வந்ததும் சர்வீஸே அழிந்துபோனதாக மேலே சொல்லிவிடுவார்கள். அது திருப்பத்தூரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கில எழுத்து 'என்' கொடியில் நேம்ஸ்பேஸ் பெயரைக் கொடுங்கள். தெரியாவிட்டால் கெட் பாட்ஸ் கட்டளையில் பெரிய ஏ போட்டு எல்லாவற்றையும் பாருங்கள். இந்த பெரிய ஏ லாக்ஸ் கட்டளையில் செல்லாது.

ஒரே சர்வீஸுக்கு மூன்று, நான்கு பாட்கள் இருந்தால் டெப்ளாய்மென்ட் பெயரைக் கொடுத்து லாக் கேட்கும் பழக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று பாட் இருக்கின்றன, இதைக் காட்டுகிறேன் என்று மேலே ஒரு வரி வரும், அதை யாரும் படிப்பதில்லை. காட்டுவது ஒன்றை மட்டும். விழுந்தது மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கலாம். எல்லாவற்றையும் பார்க்க எல் கொடியில் லேபிளை (பாட்கள்மேல் ஒட்டியிருக்கும் பொது அடையாளம்) கொடுங்கள், கூடவே ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பாட் பெயரைப் போடும் ப்ரீஃபிக்ஸ் கொடியையும் போடுங்கள். ப்ரீஃபிக்ஸ் இல்லாமல் பார்ப்பது காட்பாடி ஜங்ஷனில் பிருந்தாவன், லால்பாக் ரயில்களின் அறிவிப்பு இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் ஒன்றாகப் போட்டுக் கேட்பது மாதிரி. எந்த வரி எந்த பாட்-இலிருந்து வந்தது என்றே தெரியாது.

லேபிள் கொடுத்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் மாறும். தனி பாட்-க்கு முழு லாக்கும் வரும், லேபிளுக்கு ஒவ்வொன்றிலும் கடைசி 10 வரிதான் வரும். டெய்ல் கொடியில் எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள், மைனஸ் 1 என்றால் முழுவதும். எஃப் கொடி போட்டுத் தொடர்ந்து பார்த்தால் ஒரே நேரத்தில் 5 ஓடைக்கு மேல் திறக்க மறுக்கும். மேக்ஸ் லாக் ரிக்வெஸ்ட்ஸ் என்ற கொடியில் அதை உயர்த்தலாம்.

எஃப் கொடியைப் பற்றியும் ஒன்று. அது கன்டெய்னர் விழும் நொடியில் முடிந்துவிடும், எழுந்த புதியதைத் தானாகத் தொடராது. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து விழுவதைக் கையும் களவுமாகப் பிடிக்க ஸ்டெர்ன் என்ற சின்னக் கருவி நல்லது. பாட்கள் வரப்போக அதுவே ஒட்டிக்கொள்ளும். அதை உங்கள் மெஷினில் போட்டால் போதும், கிளஸ்டரில் எதுவும் நிறுவ வேண்டாம். எஃப் ஓட்டத்தை, வேண்டிய வரிகளை மட்டும் வடிகட்டும் கிரெப் இரண்டுக்குள் அடுத்தடுத்து விட்டால் வரிகள் தேங்கித் தேங்கி வரும். முதல் கிரெப்புக்கு லைன் பஃபர்டு கொடியைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

நேரக் கணக்கில் ஏமாறுபவர்கள் நிறைய. நோடுகள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் சாயங்காலம் 6 மணி அங்கே 12:30. டைம்ஸ்டாம்ப்ஸ் கொடி போட்டுப் பார்க்கும்போது இந்த ஐந்தரை மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ஸ் கொடியில் 30எம், 2ஹெச் என்று கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. குறிப்பிட்ட நேரத்திலிருந்து வேண்டுமென்றால் சின்ஸ் டைம் கொடி. தேதியும் நேரமும் எழுதி முடிவில் பிளஸ் 05:30 என்று சேர்த்தால் நம் நேரத்தையே ஏற்றுக்கொள்ளும். எந்த நேரம் வரை என்று சொல்ல மட்டும் கொடி கிடையாது, அதை நீங்களே வெட்டிக்கொள்ள வேண்டும்.

லாக் ஜேசன் வடிவில் (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் முறை) வந்து, பார்ட்டி பெயர்கள் தமிழில் இருந்தால், பின்சாய்வுக்கோடும் யு-வும் எண்களுமாகக் கண்ணைக் கட்டும். பைத்தானின் ஜேசன் நூலகம் இயல்பாகவே அப்படித்தான் மாற்றி எழுதும். ஜேசனைப் படிக்கும் ஜேக்யூ கருவி வழியாக விட்டால் பெயர்கள் தமிழிலேயே தெரியும்.

கெட் பாட்ஸ் நன்றாக வருகிறது, லாக்ஸ் மட்டும் டைம்அவுட் ஆகிறது என்றால் நிரலைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் மேலே சொன்ன 10250 போர்ட்டை யாரோ ஃபயர்வாலில் அடைத்திருப்பார்கள். ஃபார்பிடன் என்று வந்தால் அனுமதிப் பிரச்சினை. பாட்-ஐப் பார்க்கும் அனுமதி வேறு, அதன் லாக்கைப் படிக்கும் அனுமதி வேறு. பாட்ஸ் என்பதோடு சாய்வுக்கோடு போட்டு லாக் என்ற துணை வளத்துக்கு கெட் உரிமை தனியாக வேண்டும்.

எல்லா லாக்கையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்துத் தேட உதவும் லோகி, எலாஸ்டிக்சர்ச் மாதிரி ஒன்றை நிறுவிவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே என்று உங்கள் நிறுவனத்தில் யாராவது சொல்லலாம். நிறுவட்டும், நல்லதுதான். பாட் அழிந்தாலும் லாக் தங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நோடிலும் ஃப்ளூயன்ட் பிட் மாதிரி லாக் திரட்டும் நிரல் ஒன்று உட்கார்ந்து வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அவையும் அந்த நோடின் அதே கோப்பைத்தான் படிக்கின்றன. கோப்புக்கே வந்து சேராத வரியை எந்தக் கருவியும் காட்டாது. பஃபரிங்கைச் சரிசெய்யாமல் கருவியை மட்டும் நிறுவினால், இப்போது தெரியாத காரணம் அப்போது அழகான திரையில் தெரியாமல் இருக்கும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். டெப்ளாய்மென்ட்டில் டெர்மினேஷன் மெசேஜ் பாலிசி என்ற இடத்தில் ஃபால்பேக் டு லாக்ஸ் ஆன் எரர் என்று கொடுத்தால், கன்டெய்னர் பிழையோடு முடியும்போது அதன் லாக்கின் கடைசிப் பகுதி பாட்-இன் நிலையிலேயே பதிவாகிவிடும். 2048 பைட் அல்லது 80 வரி, எது சிறியதோ அது. டிஸ்க்ரைப் போட்டாலே காரணத்தோடு சேர்ந்து தெரியும். பணமும் ஆகாது, புதுக் கருவியும் வேண்டாம். இதைப் பலர் போடாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

கடைசியாக, கோப்பில் கொட்டிய லாக்கை எங்களைப் போன்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண், போன் எண், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் லாக்கில் கிடக்கும். குபெர்னெட்டிஸோடு வரும் வியூ என்ற பொது ரோல் (அனுமதித் தொகுப்பு), சீக்ரெட்டுகளை (பாஸ்வேர்டு போன்றவற்றைத் தனியாக வைக்கும் இடம்) பார்க்க விடாது, லாக்கைப் படிக்க விடும். நிரல் எழுதியவர் தொடங்கும்போது மொத்த அமைப்பையும் பிரின்ட் செய்திருந்தால், சீக்ரெட்டில் பூட்டி வைத்த பாஸ்வேர்டை வியூ உள்ள எல்லாரும் லாக்கிலேயே படித்துக்கொள்ளலாம். உங்கள் சர்வீஸ் எழும்போது வரும் முதல் இருபது வரிகளில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விழும் பிரச்சினைக்கு முன்னால் இதைத்தான் சீனியரிடம் சொல்ல வேண்டும், பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்ல வேண்டும்.